ஊரெல்லாம் பென்சலய்யா

தை 9, வியாழன்

உரக்கடையில் இலவசமாகக் கொடுத்த இந்த டைரியில் நான் எழுதப்போகும் கதையை ஒரு ஜீவராசியும் நம்பப்போவதில்லை. ஏரிக்கரைப் பிடாரி சாட்சியாக, மதகுச் சாவியின் மேல் வலது கையை வைத்து இதை உறுதி கூறுகிறேன். சிறுமணம்பாக்கம் ஏரியின் மூன்று மதகுகளையும் திறந்து மூடும் அதிகாரம் படைத்தவனும், ஒருமுறை தும்மியே, உபரித் தண்ணீர் போகும் கலங்கலை வழியவிட்டவனுமாகிய தேசிங்கு பொய் சொல்லமாட்டான். சொன்னாலும் சில்லறையாகச் சொல்லமாட்டான்.

விஷயத்துக்கு வருகிறேன். பென்சலய்யாவை இன்று காலை பாம்பு கடித்துவிட்டது.

நெல்லூர்ப் பக்கத்துக்காரன். அறுப்பு முடிகிற சமயம் பார்த்து, பெண்டாட்டி மஸ்தானம்மாவோடு வாத்து மந்தையை ஓட்டிக்கொண்டு வருஷா வருஷம் எங்கள் ஊருக்கு வருவான். லட்சம் வாத்து இருக்கும். பவுனு, அதாவது என் சம்சாரம், ஆயிரத்துச் சொச்சம்தான் என்கிறாள். அவளுக்குக் கற்பனை போதாது.

வரப்போரம் கிடந்த முட்டையை எடுக்கக் குனிந்திருக்கிறான். கண்ணாடி விரியன். இருளர் குடியிருப்பு கன்னியம்மாதான் முதலில் பார்த்து ஓடிவந்தாள். தையல்கார சுக்கூர் பாய் வண்டியை எடுத்தார். பென்சலய்யாவை நடுவில் உட்காரவைத்து, விழாமல் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு மஸ்தானம்மா ஏறினாள். வண்டி கிளம்பும்போது திரும்பி என்னைப் பார்த்தாள்.

"மாமா, மந்தை."

அவ்வளவுதான் சொன்னாள். நான் மகாராஜா மாதிரி கையை உயர்த்தி, "போம்மா, தேசிங்கு இருக்கிறான்" என்றேன்.

வண்டி போன பிறகு மந்தையைப் பார்த்தேன். மந்தை என்னைப் பார்த்தது. இரண்டு தரப்புக்கும் திருப்தியில்லை.

தை 10, வெள்ளி

பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். மருந்து ஏறிக்கொண்டிருக்கிறதாம். சிறுநீர் இன்னும் வரவில்லையாம்.

வாத்துக்கும் எங்களுக்கும் உள்ள உடன்படிக்கையை வருங்காலத்துக்காக இங்கே பதிந்துவைக்கிறேன். ஊர்த்தெரு, பள்ளிவாசல் தெரு, ஏரிக்கோடி இருளர் குடியிருப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து செய்துகொண்டது. அறுப்பு முடிந்ததும் யார் வயல், எவர் வரப்பு என்று பார்க்காமல் எல்லா நிலமும் மந்தைக்குத் திறந்துவிடப்படும். வாத்து சிந்தின நெல்லையும் நத்தையையும் தின்னும், எருவைப் போடும். பதிலுக்கு, செவ்வாய்க்கிழமை முட்டை முழுக்க ஊருக்கு. நிலம் இருக்கிறவன் வீடு, இல்லாதவன் வீடு எல்லாவற்றுக்கும் ஒரே பங்கு. மற்ற நாள் முட்டை, பென்சலய்யாவுக்குக் குஞ்சு கொடுத்த வியாபாரி ஜெகதீசனுக்குப் போகும். மூன்று அறுப்புக்கு அப்படிப் போய்விட்டால் மந்தை பென்சலய்யாவுக்கே சொந்தம்.

இது மூன்றாவது அறுப்பு.

இன்று ரேஷன் கடை வாசலில் கூடினோம். யார் மேய்ப்பது? ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் எழுந்தேன். "ஏரித் தண்ணிக்கு முறை இருக்குதா இல்லையா? ஒரு நாள் ஒரு தெரு. யாருக்கும் கூடவும் இல்லை, குறைச்சலும் இல்லை. வாத்துக்கும் அதே முறை வெச்சுக்குவோம்" என்றேன். கைதட்டல் அடங்கச் சாயங்காலம் ஆனது. கன்னியம்மா மட்டும், "தண்ணிக்குக் கால் கிடையாது, மதகுக்காரரே" என்றாள். பொறாமை.

தை 11, சனி

முதல் நாள், எங்கள் தெரு முறை. நானே போனேன்.

கோழியைக் கூப்பிடுகிற மாதிரி "பா பா பா" என்றேன். ஒரு வாத்து என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முதுகைக் காட்டியது. மற்றவை அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. கோலை நீட்டினால் பென்சலய்யாவுக்கு மந்தை பாய் மாதிரி சுருளும். எனக்குச் சிதறு தேங்காய் மாதிரி போனது. பாதி ஏரிக்குள். மீதி வாய்க்காலைத் தாண்டி மேலண்டைக் கழனிக்கு. அது பக்கத்து ஊர். பின்பட்டம் போட்டதால் அங்கே கதிர் இன்னும் நிற்கிறது.

அந்த ஊர்க்காரன் ஒருத்தன் அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "இன்னா மாமா, இன்னொரு வாட்டி வந்துதுன்னா எங்க ஊரே வாத்துக்கறி" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அரிவாள் சிரிக்கவில்லை.

இருட்டுவதற்குள் ஏறக்குறைய எல்லாவற்றையும் பட்டிக்குள் சேர்த்துவிட்டேன். ஏறக்குறைய.

தை 12, ஞாயிறு

பள்ளிவாசல் தெரு முறை. சுக்கூர் பாய்க்கு நல்ல சாரீரம். வாத்துக்குச் சங்கீத ஞானம் இல்லை.

தை 13, திங்கள்

இருளர் குடியிருப்பு முறை. கன்னியம்மா மந்தையை ஏரி நடுவிலேயே விட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்துகொண்டாள். "தெரியாத வேலையைத் தெரியாதுன்னு விட்டா பாதி நஷ்டம். தெரிஞ்ச மாதிரி பண்ணா முழு நஷ்டம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. ஆனாலும் சாயங்காலம் மந்தை கரை ஏற மறுத்துவிட்டது. கரையேறிய கொஞ்சத்தில் நாய் புகுந்தது. இறகு பறந்ததை எழுத மனமில்லை.

ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோன பவுனு வந்து சொன்னாள்: பென்சலய்யாவுக்குச் சிறுநீரகம் நின்றுவிட்டது. மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். நினைவு வந்தபோதெல்லாம் மந்தையைக் கேட்கிறானாம்.

"நீ இன்னா சொன்னே?"

"உன்னை மாதிரிதான் சொன்னேன். எல்லாம் ஜோரா கீதுன்னு."

தை 14, செவ்வாய்

ஊர் முட்டை நாள். கூடை நிறையவேண்டிய இடத்தில் மடி நிறைந்தது. பங்கு போடவில்லை. ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்கள், மூன்று தெருவும்.

மதியம் ஜெகதீசன் காரில் வந்து இறங்கினான். பட்டியைச் சுற்றி நடந்தான். இளைத்த வாத்து ஒன்றைத் தூக்கி நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்தான். ஆள் பதவிசாகத்தான் பேசுகிறான். அதுதான் பயம்.

"பெரியவரே, எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. நடுவுல மேய்ப்பன் விட்டுட்டுப் போன மந்தை, குஞ்சு கொடுத்தவனுக்கு."

"விட்டுட்டுப் போவல. பாம்பு கடிச்சு ஆஸ்பத்திரில கீறான்."

"வாத்துக்கு அதெல்லாம் தெரியாதுங்களே. முட்டை நின்னு போச்சு. வெள்ளி விட்டு அடுத்த வெள்ளி லாரியோட வர்றேன்."

நான் சும்மா விடுவேனா? "மந்தைக்கு மேய்ப்பன் இருக்கான். ஊரே மேய்ப்பன்" என்றேன்.

அவன் சிரித்தான். "அப்படியா? நல்லது. அதையும் எங்க வழக்கப்படியே பார்த்துடலாம். மந்தையை ஏரி நடுவுல விடுவோம். நீங்க ஒரு கரையில கூப்பிடுங்க, என் ஆளு ஒரு கரையில கூப்பிடட்டும். யாருகிட்ட வருதோ அவங்க மேய்ப்பன். உங்ககிட்ட வந்துட்டா இந்த அறுப்பு முடியற வரைக்கும் நான் வாயே திறக்கமாட்டேன்."

"சரி" என்றேன். கூட்டத்தில் யாரோ முனகினார்கள். பவுனுவாக இருக்கும்.

தை 15, புதன்

எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை என்று பவுனு வதந்தி பரப்புகிறாள்.

காலையில் பட்டி ஓரம் நின்று மஸ்தானம்மாவுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொல்லவேண்டியதாகிவிட்டது.

"தினம் ஒரு ஆளா மாமா?"

"முறைம்மா. யாருக்கும் பங்கம் வரக்கூடாதுன்னு..."

"ஐயோ மாமா! அதுக்கு நியாயம் இன்னா தெரியும்? அது ஒரு ஆளைத்தான் பாக்கும். ஒரு சட்டை, ஒரு துண்டு, ஒரு சத்தம். நானே போனாலும் அவரு சட்டையைப் போட்டுக்கினுதான் போவேன்."

அப்போதுதான் உறைத்தது. பென்சலய்யாவை இத்தனை வருஷத்தில் கிளிப்பச்சை முழுக்கைச் சட்டை, சிவப்புத் தலைத்துண்டு தவிர வேறு எதிலும் பார்த்ததில்லை. ஏழ்மை என்று நினைத்திருந்தோம். தொழில் அது.

சத்தம் எப்படி என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் கத்தமுடியாது என்றாள். பிறகு எங்கேயோ படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது. போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"தோஓஓஓ... ர்ரா ர்ரா ர்ரா..."

பட்டிக்குள் அத்தனை கழுத்தும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன. எல்லாம் என் கையிலிருந்த போனைப் பார்த்து நடக்க ஆரம்பித்தன. மூங்கில் படலில் வந்து மோதின. இரண்டாவது தடவை கூப்பிடும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. வாத்துகள் அப்படியே நின்றன.

நானும்.

தை 16, வியாழன்

கூடாரத்தில் பென்சலய்யாவின் இன்னொரு பச்சைச் சட்டை கொடியில் கிடந்தது. இருந்தது அது ஒன்றுதான். கன்னியம்மா அதைப் போட்டு, துண்டைக் கட்டிக்கொண்டு, சத்தத்தையும் கொடுத்தாள். மந்தை அவள் பின்னால் கல்யாண ஊர்வலம் மாதிரி போனது. ஒரு வாத்துகூட வாய்க்காலைத் தாண்டவில்லை. சாயங்காலம் தானாகப் பட்டிக்கு வந்தது.

நாளைக்கு எங்கள் தெரு முறை. சட்டை என் கைக்கு வரும்.

தை 17, வெள்ளி

சட்டை எனக்குச் சேரவில்லை. என் மார்பு மலைப்பாறை என்பது சுற்றுவட்டாரம் அறிந்தது. பட்டன் தெறித்து யார் கண்ணிலாவது பட்டுவிட்டால்? ஆகவே என் வெள்ளைச் சட்டையிலேயே போனேன். சத்தம் சரியாகத்தான் கொடுத்தேன்.

மந்தை மேலண்டைக் கழனிக்குள் இறங்கிவிட்டது. அவர்கள் சொன்னபடி செய்துவிட்டார்கள். சாயங்காலம் காற்று அந்தப் பக்கமிருந்து வீசியது. மசாலா வாசனை.

பவுனு சட்டையை என் முன்னால் விரித்துப் பிடித்தாள். "பென்சலய்யா உன்னைவிட ஒரு சுத்து பெரிய ஆளு. இதுக்குள்ள நீயும் போய் உன் பெருமையும் போகலாம்."

"கன்னியம்மா போட்டு வேர்வை..." என்று ஆரம்பித்தேன். சட்டையைத் துவைக்கவில்லையே என்பதைத்தான் சொல்லவந்தேன்.

அவள் சட்டையை மடித்துவைத்தாள். எனக்குச் சாப்பாடு போட்டுவிட்டுத் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தை 18, சனி

பள்ளிவாசல் தெரு முறை. சுக்கூர் பாய் மறுபேச்சில்லாமல் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். மந்தை ஒழுங்காக வந்தது.

சாயங்காலம் நான் மதகருகே இருந்தபோது கன்னியம்மா வந்தாள். ஊருக்குள் பேச்சு எவ்வளவு வேகமாகப் போகிறது! அவளிடம் கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். நிதானமாகக் கேட்டாள்.

"மதகுக்காரரே, இந்த வாய்க்கால் எங்க வழியாப் போவுது?"

"ஏன், உங்க குடியிருப்பு ஓரமாத்தான்."

"எங்க புள்ளைங்க அதுல குளிக்குது. நான் கால் கழுவறேன். அதுக்கப்புறம்தான உங்க நெல்லுக்கு வருது. அந்த நெல்லு உங்களுக்குச் சேருதா?"

திருகாணிக்கு எண்ணெய் போடவேண்டியிருந்தது. குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

நாளைக்கு அவர்கள் முறை. வரமாட்டார்கள் என்று சுக்கூர் பாய் சொன்னார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

தை 19, ஞாயிறு

இன்று யாரும் வரவில்லை. மந்தை பட்டிக்குள்ளேயே பசியோடு கத்தியது. நானும் பவுனுவும் தவிட்டைக் கரைத்து ஊற்றினோம். மதியம் சுக்கூர் பாய் தலையில் ஒரு மூட்டையோடு வந்தார். ரேஷன் கடை வாசலில் அவிழ்த்துக் கொட்டினார்.

சட்டைகள். எல்லாம் கிளிப்பச்சை. எல்லாம் முழுக்கை. எல்லாம் ஒரே அளவு. கூடவே சிவப்புத் துண்டுகள்.

"பாய், ஏது இவ்வளவு துணி?"

"தர்கா கொடிக்கு வாங்கிவெச்ச துணி. ஜமாத்துல கேட்டேன். கொடி அடுத்த மாசம்தான, அதுக்குள்ள பார்த்துக்கலாம்னாங்க. ராத்திரியெல்லாம் எங்க தெரு தையல் மெஷின் அத்தனையும் ஓடுச்சு."

"யாருக்கு எது?"

"அதுதான் கிடையாது. சாயங்காலம் எல்லாச் சட்டையும் இங்க வரும். எல்லாம் ஒண்ணாத் துவையும், ஒரே கொடியில காயும். காலையில எது கைக்கு வருதோ அது. நேத்து இதை யாரு போட்டான்னு எவனாச்சும் கேட்டா, 'பென்சலய்யா போட்டது'ன்னு சொல்லணும்." சொல்லும்போது என் பக்கம் பார்க்கவில்லை. அவருக்கு நாகரிகம் அதிகம்.

பவுனு குடியிருப்புக்குப் போய்க் கன்னியம்மாவை அழைத்துவந்தாள். என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை.

எல்லாரும் நின்றார்கள். யாராவது முதலில் எடுக்கவேண்டும். தேசிங்கு ஒரு வீரன் என்பதால் அடியிலிருந்து ஒன்றை உருவி அங்கேயே போட்டுக்கொண்டேன். தொளதொளவென்று இருந்தது. பிறகு கன்னியம்மா அன்று போட்டிருந்த பழைய பச்சைச் சட்டை, நிஜமான அந்தச் சட்டை, கல்லின்மேல் மடித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். கழற்றிவிட்டு அதைப் போட்டுக்கொண்டேன்.

"பட்டன் தெறிக்கப்போவுது, தள்ளி நில்லுங்க" என்றாள் கன்னியம்மா. மூன்று தெருவும் சிரித்தது. நானும் சிரிக்கவேண்டியதாகிவிட்டது.

தை 21, செவ்வாய்

ஊரெல்லாம் பென்சலய்யா. வரப்பில் ஒரு பென்சலய்யா, மதகில் ஒரு பென்சலய்யா, டீக்கடையில் நாலு பென்சலய்யா. காலை பஸ்ஸில் வந்த கண்டக்டர் இறங்கிவந்து, "ஏதாச்சும் புதுக் கட்சி ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று விசாரித்தார். உறுப்பினர் சந்தா கேட்டேன். ஏறிப் போய்விட்டார்.

ஆட்கள் மாறுவது மந்தைக்குத் தெரியவே இல்லை. அல்லது தெரிந்தும் விட்டுக்கொடுக்கிறது. முட்டை கூடியிருக்கிறது. இன்றைய ஊர் முட்டையையும் ஆஸ்பத்திரிக்கே அனுப்பினோம். அந்த வார்டு முழுக்க நம் ஊர் முட்டைதான் தின்கிறதாம்.

பென்சலய்யாவுக்குக் கொஞ்சம் சிறுநீர் இறங்கியிருக்கிறது. ஒருத்தன் மூத்திரம் பெய்ததற்கு ஊரே சந்தோஷப்பட்டதை நான் எந்தச் சரித்திரத்திலும் கேட்டதில்லை.

தை 22, புதன்

ஜெகதீசனின் ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. மஸ்தானம்மா போனில் சொன்னாள். பெயர் ஓபுலேசு. பென்சலய்யாவின் ஊர்க்காரன். முதல் இரண்டு அறுப்புக்கு, நெல்லூர்ப் பக்கம் மட்டும், இந்த மந்தையோடு கூட நடந்தவன்; எங்கள் ஊருக்கு வந்ததில்லை. பிறகு ஜெகதீசனிடமே கூலிக்குச் சேர்ந்துவிட்டான்.

"சத்தம் அவனுக்கு நல்லா வரும் மாமா. அவருக்கே அவன்தான் கத்துக்கொடுத்தான்."

சுக்கூர் பாய் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருந்தார். நூல் நுழையவே இல்லை.

தை 23, வியாழன்

நாள் முழுக்கக் கத்திப் பழகினோம். என் குரல் போய்விட்டது. பவுனு சுக்குக் கஷாயம் கொடுத்தாள். குடித்துவிட்டு நன்றி சொன்னேன். காதில் விழவில்லை என்றாள்.

தை 24, வெள்ளி

சரித்திரம் இதைப் பொன்னெழுத்தில் பொறிக்கட்டும்.

காலை வெயில் ஏறும் முன்பே லாரி வடகரையில் வந்து நின்றது. ஜெகதீசன் குடையை விரித்து நிழலில் நின்றான். மெலிந்த, நெட்டையான ஓர் ஆள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிக் கோரைப் புதருக்கு முன்னால் போய் நின்றான். அவனும் பச்சைச் சட்டை போட்டிருந்தான். அதைப் பார்த்ததும் எங்கள் கரையில் சிலர் இரண்டடி பின்னால் போனார்கள். நான் இல்லை.

தென்கரையில் நாங்கள். மூன்று தெருவும் பச்சை. மந்தை ஏரி நடுவில்.

ஓபுலேசு முதல் சத்தம் கொடுத்தான். தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. மந்தை கழுத்தைத் திருப்பியது. அப்போது நான் மார்பை விரித்தேன். ஒரு கர்ஜனை! "தோஓஓஓ!" ஏரித் தண்ணீர் இரண்டாகப் பிளந்தது. வடகரையில் ஜெகதீசனின் குடை மடங்கிக்கொண்டது. லாரி ரிவர்ஸில் போனது. லட்சம் வாத்தும் சக்கரம் மாதிரி திரும்பி, என் காலடிக்கு ஓடிவந்து தலைவணங்கின.

மந்தை நம்முடையது. அதாவது, பென்சலய்யாவுடையது.

தை 25, சனி

பவுனு நேற்றைய பக்கத்தைப் படித்துவிட்டாள். "குரலே இல்லாத ஆளு எப்படிய்யா கர்ஜிச்சே?" என்கிறாள். சரி. கூப்பிட்டது கன்னியம்மா. நான் ஏரியில் இறங்கி நின்றேன். குரல் இல்லாதவன் கரையில் நின்று என்ன பண்ணுவது? கழுத்தளவுத் தண்ணீரில், வடகரைக் கோரைப் புதர் வரைக்கும் போனேன். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

இன்னொன்று. ஓபுலேசு நேற்றிலிருந்து பஸ் நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். "மந்தை வராத வாய்க்கு எதுக்குடா சோறு" என்று ஜெகதீசன் இறக்கிவிட்டுப் போய்விட்டானாம். சட்டைப்பையில் பீடிக்கட்டு மட்டும் இருக்கிறது.

தை 26, ஞாயிறு

ஓபுலேசுவுக்கு நான்தான் சோறு கொண்டுபோனேன். ஏன் என்று பவுனு கேட்டாள். விருந்தோம்பல் தமிழர் பண்பாடு என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அவன் சாப்பிட்டான். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. எனக்குக் குரல் இல்லை. அவனுக்கு ஏன் என்று தெரியவில்லை.

தை 28, செவ்வாய்

ரேஷன் கடை வாசலில் கூட்டம். மேய்க்க ஒரு கைதேர்ந்த ஆள் வேண்டும், ஓபுலேசுவை வைத்துக்கொள்வோம் என்று சொன்னேன். "எதிராளியை எதுக்கு மாமா?" என்று ஊர்த்தெருவில் ஒருத்தன் கேட்டான். "தோத்தவன் நல்லாப் பாத்துக்குவான்" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். கன்னியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எங்க முறையில அவரு கூட வரட்டும். சோறு எங்க வீட்ல" என்றாள். அதோடு முடிந்தது.

ஊர் முட்டையை இன்று பங்கு போட்டோம். ஓபுலேசுவுக்கும் ஒரு வீட்டுப் பங்கு.

மாசி 3, சனி

பென்சலய்யா வந்துவிட்டான். பாதி ஆளாகத்தான் வந்திருக்கிறான். மஸ்தானம்மா தாங்கிப் பிடிக்க, சுக்கூர் பாயின் வண்டியிலிருந்து மெல்ல இறங்கினான். பச்சைச் சட்டைக் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்துப்போனான். ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளைச் சட்டையில் அவன் ஒருத்தன்தான் பென்சலய்யா மாதிரி இல்லை. மந்தையும் அவனைக் கண்டுகொள்ளவில்லை. சுக்கூர் பாய் ஓடிப்போய் ஒரு பச்சைச் சட்டையை மாட்டிவிட்டார். பிறகுதான் வாத்து வந்தது. அவன் தரையில் உட்கார்ந்து, வந்த வாத்தையெல்லாம் கையால் தொட்டுக்கொண்டே இருந்தான்.

கதையைச் சொல்லச் சொன்னான். நான் சொன்னேன். பிளந்த ஏரி, மடங்கிய குடை, ஓடிய லாரி, ஒன்றையும் விடவில்லை. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பென்சலய்யா சிரித்துவிட்டுத் திரும்பி, சற்றுத் தள்ளி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஓபுலேசுவைப் பார்த்தான். "ஓபுலேசு கூப்பிட்டும் போகலையா, மாமா?"

"என் கர்ஜனைக்கு முன்னாடி எவன் சத்தம் எடுபடும்?" என்றேன்.

ஓபுலேசு தலைநிமிராமல், "ஆமா, நம்ம சத்தம் எடுபடலை" என்றான். வெங்காயத்தைப் பார்த்தே சொன்னான்.

பென்சலய்யா அதற்கு மேல் கேட்கவில்லை. அவனுக்குத் தன் வாத்தைத் தெரியும்.

இந்த டைரியைப் படிக்கப்போகிறவர்களே, இதில் எதையும் நம்பவேண்டாம். தும்மலையும் நம்பவேண்டாம், லட்சம் வாத்தையும் நம்பவேண்டாம். என் மார்பை நம்பவே வேண்டாம். ஒரே ஒரு துளி மட்டும் நிஜம். கழுத்தளவுத் தண்ணீரில் கோரையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு மட்டும் அது தெரியும். குடைக்காரன் கண்ணுக்குக் கோரை மறைத்தது. எங்கள் ஆட்களுக்குத் தூரம் மறைத்தது.

மந்தை எங்களிடம் வரவில்லை. மொத்தமும் ஓபுலேசுவிடம்தான் போய்க்கொண்டிருந்தது. முதல் வாத்து அவன் முழங்காலைத் தொடுகிற தூரம். அவன் எங்கள் கரையைப் பார்த்தான், அத்தனை பச்சைச் சட்டையையும். பிறகு தண்ணீரில் நின்ற என்னைப் பார்த்தான். "கத்துடா!" என்று பின்னாலிருந்து ஜெகதீசன் அதட்டினான்.

ஓபுலேசு வாயை மூடிக்கொண்டான்.